ஞானப்பாட்டுக்குள் பேசியவர்கள்

என் தாய்மாமன் ஜேபஸ் லோவிக் ஜெயிலுக்குப் போனபோது எனக்கு ஐந்தாறு வயது இருக்கும். அன்று காலை எங்கள் ஊர் மார்லிங்கத்தின் படகுத்துறை முழுக்கப் பனி இறங்கியிருந்தது. அவரை ஏற்றிய வண்டியில் குதிரையின் முதுகு தெரிந்தது, கால்கள் தெரியவில்லை. வண்டி பனியின்மேல் மிதந்து போகிறது என்றே நினைத்துக்கொண்டேன். என் அம்மா ட்ரைஃபீனா அழவில்லை. "போய்த் தொலை. அங்கயாவது வாய மூடிக்கிட்டு இரு, சீக்கிரம் விட்டுருவாங்க," என்றாள். வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் அங்கே தண்டனையே என்பது அவளுக்குத் தெரியாது.

மாமாவுக்குக் குளிர்காலத்தில் நாணல் அறுப்பு, மற்ற நாட்களில் விலாங்கு பிடிப்பு. தட்டைப் படகில் நின்றபடி நீண்ட கழியை ஊன்றி ஊன்றி சதுப்பு நிலத்தின் வாய்க்கால்களில் போய்க்கொண்டே இருப்பார். பேச்சுக்காரர். ஆள் கிடைக்காவிட்டால் படகோடு பேசுவார். அவர் வருவது கண்ணுக்குத் தெரியுமுன் காதுக்குத் தெரிந்துவிடும்.

அதற்கு முன்பெல்லாம் எங்கள் ஊரில் சட்டம் என்றால் ரொட்டி சுடும் லார்ட்டர்தான். ஊரார் அவரைக் காவலராக நியமித்திருந்தார்கள், சம்பளம் கிடையாது. அரசாங்க முத்திரை வரைந்த ஒரு தடி அவர் அடுப்புக்குப் பின்னால் தொங்கும். குடித்துவிட்டுச் சண்டை போட்டால் லார்ட்டர் மாவுக் கையோடு வந்து, மாதாகோவில் சுவரோரம் இருக்கும் தொழுமரத்தில் காலை மாட்டிப் பூட்டுவார். மாமாவும் அதில் உட்கார்ந்திருக்கிறார். "ஊரே வந்து விசாரிச்சுது. உங்கம்மா கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு கூட்டம் வரல," என்று பின்னாளில் பெருமையாகச் சொல்வார். சிநேகிதர்கள் பீர் கொண்டுவந்து வாயில் ஊற்றினார்களாம். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், என் பாட்டனார் காலத்தில் ஆடு திருடிய ஒருவனை நகரத்துக்குக் கொண்டுபோய்த் தூக்கில் போட்டார்கள். தொழுமரம், இல்லையென்றால் தூக்குக் கயிறு. நடுவில் இருந்தது கொஞ்சம்தான்.

பிறகு சம்பளப் போலீஸ் வந்தது. மார்லிங்கத்துக்கு வந்தவர் பெயர் லூக் டென்பி. நீலக் கோட்டு, உயரமான கெட்டித் தொப்பி. வடக்கே யார்க்‌ஷயர்க்காரர், பேச்சில் பாதி எங்களுக்குப் புரியாது. ஊருக்குச் சம்பந்தமில்லாத ஆள்தான் போலீஸாக வேண்டும் என்று மேலே முடிவு செய்திருந்தார்களாம். யாரும் அவருக்கு வீடு கொடுக்கவில்லை. பூட்டுப் பட்டறைக்கு மேலே ஓர் அறையில் கிடந்தார். துறையில் துணி துவைக்கும் பெண்கள் அவரைச் சும்மா விடமாட்டார்கள்.

"ஏ நீலக்கோட்டு, உங்க ஊர்ல திருடங்க எல்லாம் தீர்ந்துட்டாங்களா? இங்க தேடி வந்திருக்கே?"

"அந்தத் தொப்பிக்குள்ள என்னய்யா வச்சிருக்கே, ராத்திரிச் சோறா?"

டென்பி தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லிவிட்டு நடப்பார். கரையோரம் மெதுவாக நடந்துகொண்டே இருப்பதுதான் அவர் வேலை. மங்கிய வெளிச்சத்தில் நாணலுக்கு மேலே அந்தத் தொப்பி மட்டும் தனியாக நகர்ந்து போவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆல்டர் மரங்கள் நிற்கும் முனையில் இருந்த தண்ணீர் எல்லோருக்கும் பொது. ஒரு நாள் அதைச் சுற்றி வேலி வந்தது. பண்ணைத் துரை பார்லிமென்டில் சட்டம் போட்டுத் தனக்கு எழுதி வாங்கிக்கொண்டாராம். மாமா வழக்கம்போல அங்கே வலையைப் போட்டார். வலையைப் பிடுங்கி வரும்படி டென்பிக்கு உத்தரவு வந்தது. மதகின் மேல் நின்றுகொண்டு அவர் வலையின் ஒரு முனையைப் பிடித்தார், படகில் நின்று மாமா மறுமுனையைப் பிடித்தார்.

"விட்டுரு லோவிக். உத்தரவு."

"தண்ணிக்கு யாருய்யா உத்தரவு போட்டது? விலாங்குகிட்ட சொல்லிட்டீங்களா?"

இருவரும் இழுத்தார்கள். மாமா கோபத்தில் கழியைச் சுழற்றினார். டென்பி அடிபட்டு மதகுக் கட்டைமேல் விழுந்து, அங்கிருந்து தண்ணீருக்குள் போனார். ஒரு கால் இரண்டு இடத்தில் ஒடிந்துவிட்டது. மாமாவே குதித்து அவரைத் தூக்கிப் படகில் போட்டு எலும்பு கட்டுபவரிடம் கொண்டுபோனார். வழியெல்லாம் வாய் ஓயாமல் அவரைத் திட்டிக்கொண்டே கழி ஊன்றினாராம். டென்பி அரை மயக்கத்தில் அதைக் கேட்டுக்கொண்டே கிடந்தாராம்.

கோர்ட்டில் டென்பி இரண்டையும் சொன்னார். அடித்ததையும் சொன்னார், தூக்கிக்கொண்டு போனதையும் சொன்னார். மாஜிஸ்டிரேட் கடுமையான மனிதர் அல்ல. இந்தக் காலத்தில் உடம்பை வதைப்பதில்லை, மனிதனுக்கு யோசிக்க அவகாசம் கொடுக்கிறோம் என்று அன்பாகவே சொல்லி, மாவட்டத்தின் புதிய ஜெயிலில் ஒன்றரை வருடம் தனிச்சிறை என்று தீர்ப்புக் கொடுத்தார்.

அங்கே நடந்ததை மாமா ஒரே மூச்சில் சொன்னதில்லை. வருடக்கணக்கில், வலை காயும்போதும் உருளைக்கிழங்கு தோலுரிக்கும்போதும் துண்டு துண்டாகச் சொன்னதை நான் சேர்த்து வைத்திருக்கிறேன்.

எல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பு. ஓர் ஆளுக்கு ஓர் அறை. ஜன்னல் உயரத்தில், அதில் வானம் மட்டும். வார்டர்கள் காலணிக்கு மேலே கம்பளி உறை போட்டுக்கொண்டு நடப்பார்கள், காலடிச் சத்தம்கூடக் கிடைக்காது. அறையை விட்டு வெளியே வரும்போது முகத்தை மறைக்கும் தொப்பியைக் கழுத்துவரை இழுத்துவிட வேண்டும். கண்ணுக்கு இரண்டு ஓட்டை. பெயர் கிடையாது, மார்பில் பித்தளையில் ஓர் எண். ஒருவனுக்கு ஒருவன் முகம் தெரியக்கூடாது, குரல் தெரியக்கூடாது. தனியாக இருந்தால் மனிதன் திருந்துவான், கூடிப் பேசினால் கெடுவான் என்று படித்தவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள்.

அறைக்குள் சுவரிலிருந்து ஒரு கைப்பிடி நீட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுற்ற வேண்டும். அந்தப் பக்கம் ஒரு பெட்டியில் மணல், அதற்குள் ஒரு துடுப்பு. சுற்றினால் மணல் புரளும், அவ்வளவுதான். மாவும் அரைபடாது, தண்ணீரும் ஏறாது. முதலில் மாமாவுக்கு அதுதான் தாங்கவில்லை.

"ஏதாவது அரைபட்டாக்கூடப் பரவாயில்லன்னு இருந்துச்சு. ஒரு பிடி பட்டாணி போதும்," என்பார்.

சில வாரங்கள் கழித்து, கைப்பிடியைச் சுற்றும்போது அவர் கண்ணை மூடிக்கொள்ள ஆரம்பித்தார். மணல் புரளும் சத்தம் படகின் அடியில் நாணல் உரசும் சத்தம்போல இருந்தது. அவ்வளவு போதும். சுவர் விலகியது. மார்லிங்கம் துறையிலிருந்து படகை அவிழ்த்துக்கொண்டு கிளம்பிவிட்டார். காலையில் துறை, மதியக் கஞ்சிக்குள் முதல் வாய்க்காலின் முகப்பு. மறுநாள் விட்ட இடத்திலிருந்து போவார். ஒரு நாள் அங்கே மழை பெய்தது, நனைந்துவிட்டோம் என்று சட்டையைத் தொட்டுப் பார்த்தாராம். அவர் அவசரப்படவில்லை. நிஜத்தில் ஒரு மணி நேரத்தில் கடக்கும் வாய்க்காலுக்கு அங்கே ஒரு வாரம் ஆனது. வழியில் ஒவ்வொரு செடியாக நின்று பார்த்துக்கொண்டு போனார்.

ஜெபக்கூடத்தில்தான் அவர்கள் வாய் திறக்கலாம். அங்கும் ஆளுக்கு ஒரு மரப்பெட்டி. நின்றால் முன்னால் பாதிரியார் தெரிவார், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பலகை. உயரமான முக்காலிகளில் வார்டர்கள் உட்கார்ந்து வாய்களைக் கவனிப்பார்கள். ஞானப்பாட்டு ஆரம்பித்ததும் வாரம் முழுவதும் அடைத்துக் கிடந்த அத்தனை தொண்டைகளும் ஒன்றாகத் திறக்கும். கூரையே எழும்பும் என்பார் மாமா.

முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மற்றவர்கள்போல வேத வார்த்தைகளைத்தான் பாடினார். ஒரு ஞாயிறு, இடதுபக்கப் பலகைக்கு அந்தப் புறத்திலிருந்து ஒரு கனத்த குரல், அதே ராகத்தில், அதே இழுப்போடு, இப்படிப் பாடியது.

"பக்கத்துப் பெட்டி அண்ணே... நீ யாரு... என்ன செஞ்சு வந்தே..."

மாமா வார்டரின் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பாட்டின் அடுத்த வரி வரும்வரை காத்திருந்து, ராகத்தை விடாமல் பதில் பாடினார்.

"ஏட்டய்யா காலை... ஒடிச்சேன்... விலாங்கு வலைக்காக..."

"நான் நாரிச் தறிக்காரன்... மோசஸ் எபேஜ்... பட்டு நூலை எடுத்து... வித்தேன் அண்ணே, பசி..."

அதற்குள் ஆமென் வந்துவிட்டது.

அதன்பின் ஞாயிறுக்கு ஞாயிறு, பாட்டுக்குப் பாட்டு, இரண்டு வரி மூன்று வரியாகப் பேசினார்கள். கைப்பிடியை எப்படித் தாங்குகிறாய் என்று மோசஸ் கேட்டார். படகில் போகிறேன் என்றார் மாமா. என்னையும் ஏற்றிக்கொள் என்றார் மோசஸ். நாரிச் நகரத்துச் சந்துகளைவிட்டு வெளியே போகாத மனிதர் அவர், சதுப்பு நிலத்தைப் பார்த்ததே இல்லை. அந்த நாளிலிருந்து படகில் இரண்டு பேர். முந்திய வாரத்தில் எந்த இடம்வரை போனோம், அங்கே தண்ணீர் என்ன நிறம், கரையில் என்ன பூத்திருக்கிறது என்று மாமா பாடிவிடுவார். அதை எடுத்துக்கொண்டு போய் மோசஸ் தன் அறையில், தன் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு, மற்ற நாட்களையெல்லாம் அங்கேயே கழிப்பார்.

அவர்கள் படகு ஆல்டர் முனைக்கு வந்தபோது மாமா மாட்டிக்கொண்டார். அந்த ஞாயிறு மாமா பாடினார்.

"முனையில ஒரு நாரை... ஒத்தக் கால்ல நிக்குது... நேத்துலேருந்து அசையல..."

"நம்ம பாதிரியாரு போல... மீனு வரட்டும்னு... காத்திருக்கோ அண்ணே..."

மாமா சிரித்துவிட்டார். ஆறேழு மாதமாக உள்ளே கிடந்த சிரிப்பு, நிறுத்த முடியவில்லை. பாட்டு நின்றுவிட்டது, அவர் சிரிப்பு நிற்கவில்லை. பெட்டியிலிருந்து இழுத்துப் போகும்போதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டே போனாராம். யாரோடு பேசினாய் என்று கேட்டார்கள். "கர்த்தரோட," என்றார். இருட்டறையில் போட்டார்கள். கையைக் கண்ணுக்கு எதிரே வைத்தாலும் தெரியாத இருட்டு. அங்கே படகு வரவில்லை. எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை. அதைப்பற்றி மட்டும் மாமா மேலே சொல்லமாட்டார்.

திரும்ப ஜெபக்கூடத்துக்கு வந்தபோது அவருக்கு வேறு பெட்டி. இரண்டு பக்கமும் பாடியவர்கள் ஒழுங்காக வேத வார்த்தைகளையே பாடினார்கள். கூட்டத்தில் அந்தக் கனத்த குரலைத் தேடிக்கொண்டே மிச்ச மாதங்கள் போயின. ஒரு சமயத்துக்குமேல் அது எங்கும் கேட்கவில்லை.

மாமா வீட்டுக்கு வந்தார். பேசவில்லை. அம்மா எதிரே உட்கார்ந்து, "டேய், நாக்க அறுத்து அனுப்பிட்டாங்களா? ஒரு வார்த்தை சொல்லேன்டா," என்று கெஞ்சினாள். அவர் வாயைத் திறப்பார், காற்றுதான் வரும். ஊரில் சிலர் திமிர் என்றார்கள், சிலர் புத்தி கலங்கிவிட்டது என்றார்கள். அவர் துறையை விட்டுத் தள்ளி, கரையில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு தனியாக இருந்தார்.

அங்கே டென்பி போனார். விடுதலையானவர்களைப் போய்ப் பார்த்துவர வேண்டும் என்பதும் அவர் வேலைதான். ஒரு காலை இழுத்து இழுத்துச் சேற்றில் நடந்துபோய், கவிழ்த்துப் போட்டிருந்த படகின்மேல் உட்கார்ந்தார். எதுவும் கேட்கவில்லை. பைப் புகைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். அடுத்த வாரமும் அப்படியே. அவருக்கும் மார்லிங்கத்தில் பேச்சுக்கு ஆள் இல்லை. இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை விலாங்குக்காரர்கள் பார்த்துவிட்டு ஊரில் சொல்லிச் சிரித்தார்கள்.

ஒரு நாள் டென்பி எழுந்து கிளம்பும்போது, பின்னாலிருந்து ஞானப்பாட்டின் ராகம் கேட்டது.

"ஏட்டய்யா, உங்க காலு... இப்ப எப்படி இருக்கு..."

டென்பி திரும்பினார். மாமா அவரைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தார். பாடினால்தான் அவருக்கு வார்த்தை வந்தது. அது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

"மழை வந்தா வலிக்கும்," என்றார் டென்பி. "மத்தபடி நடக்குது."

"தெரிஞ்சு செய்யல... கோபம்... மன்னிச்சிருங்க..."

"அன்னிக்குப் படகுல நீ திட்டின திட்டுல பாதி எனக்குப் புரியல. அதனால பாதிய மன்னிச்சுட்டேன்னு வச்சுக்க."

மாமா மோசஸைப்பற்றி அவரிடம்தான் முதலில் சொன்னார், எல்லாம் ராகத்தில். முகம் தெரியாது, பெயர் தெரியும், குரல் தெரியும். டென்பி கைதிகளைக் கொண்டுபோய் அந்த ஜெயிலில் விடுகிறவர். வார்டர்களிடம் விசாரித்துக்கொண்டு வந்தார்.

"எபேஜ்னு ஒருத்தன் இருந்திருக்கான். நீ பெட்டி மாறினப்புறமும் பாட்டுக்குள்ள பேசிக்கிட்டே இருந்திருக்கான், பதில் வரல. அப்புறம் அறையிலயும் பாட ஆரம்பிச்சுட்டான். இருட்டுல போட்டிருக்காங்க. வெளிய வந்து மறுபடி பாட்டு. கடைசில பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்களாம்."

மாமா படகுக் கழியை எடுத்தார். "அங்க தண்ணி போகாது," என்றார் டென்பி. "வண்டிலதான் போகணும். நானும் வரேன், இல்லாட்டி உன்னையும் உள்ள போட்டுருவாங்க."

ஆஸ்பத்திரித் தோட்டத்தில் ஆண்கள் டர்னிப் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார்கள். இளவெயில், வாத்துகள் சத்தம். காவலாள் ஒருவரைச் சுட்டிக்காட்டினான். மாமா அந்தக் குரலுக்கு ஓர் உயரமான, தோள் அகன்ற மனிதரை மனதில் வைத்திருந்தார். அங்கே நின்றவர் ஒல்லியாக, குள்ளமாக, தலை நரைத்து இருந்தார். "இவன் பேசமாட்டான்யா, ஏதாவது முனகிட்டிருப்பான்," என்றான் காவலாள்.

மாமா நேரே போகவில்லை. வேலிச்செடியின் மறுபக்கம் சுற்றிப் போய், இலைகளுக்குப் பின்னால் மறைந்து நின்றார். நின்று, அந்த ராகத்தை எடுத்தார்.

"ஆல்டர் முனை... தாண்டலாமா அண்ணே... தண்ணி தெளிஞ்சு கிடக்கு..."

மண்வெட்டி நின்றது. குள்ள மனிதர் வேலியைப் பார்க்கவில்லை, நேரே முன்னால், பாதிரியார் நிற்கிற இடத்தைப் பார்ப்பதுபோல நின்றார். பிறகு அந்த உடம்பிலிருந்து அந்தக் கனத்த குரல் வந்தது.

"நாரை... இன்னும் நிக்குதா..."

டென்பி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாராம். அவர் இதைச் சொல்லும்போதெல்லாம் அங்கே நிறுத்திவிடுவார்.

ஒருவர் பொறுப்பேற்றால் விடலாம் என்றார் டாக்டர். சாதுவான நோயாளி, இடமும் போதவில்லை. ஜெயிலுக்குப் போய்வந்த மாமா பொறுப்பேற்க முடியாது. டென்பி தன் பெயரில் பொறுப்பேற்றார். அதற்காக அவருடைய இன்ஸ்பெக்டர் அவரை நிற்கவைத்துக் கேட்டாராம், "நீ போலீஸா, இல்ல பைத்தியத்துக்கும் கைதிக்கும் சத்திரம் நடத்துறியா?"

மோசஸ் வந்த மறுநாள் காலை மாமா அவரைப் படகில் ஏற்றிக்கொண்டு போனார். நானும் அம்மாவும் கரையில் நின்று பார்த்தோம். பனி விலகிக்கொண்டிருந்தது. துறையிலிருந்து முதல் வாய்க்கால், அதிலிருந்து இரண்டாவது. மாமா ஒன்றும் சொல்லவில்லை, தானே பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார். மோசஸ் படகின் நடுவில் இரண்டு பக்கமும் இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாம் பார்த்து முடித்து, முனைவரை போய்த் திரும்பும்போதுதான் வாய் திறந்தார். ராகம் இல்லாமல் சாதாரணமாகப் பேசினார்.

"அண்ணே, தப்பா நினைக்காத. இது சின்னதா இருக்கு."

"எது?"

"எல்லாமே. நீ பாடினப்ப தண்ணிக்குக் கரையே இல்ல. அந்த நாணல் எல்லாம் மாதாகோவில் உயரம். பூ எல்லாம்..." என்று கையை விரித்துக் காட்டினார். படகு ஆடியதும் திரும்பப் பிடித்துக்கொண்டார்.

மாமா கழியை ஊன்றாமல் படகைச் சும்மா மிதக்கவிட்டு யோசித்தார். "நானும் வந்ததுலேருந்து அதத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்," என்றார். "என்ன குறையுதுன்னு தெரியாம இருந்தேன்." அவரும் பாடவில்லை, பேசினார். கவனித்தது மோசஸ்தான், மாமாவுக்குத் தெரியவே இல்லை.

அதன்பின் மோசஸ் படகில் ஏறவில்லை. தண்ணீர் பயம். எங்கள் வீட்டு மாடியில் இருந்துகொண்டு வலை பின்னினார், அம்மாவுக்கு நூல் நூற்றார். அவரும் மாமாவும் மாலையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து பெரிய சதுப்பு நிலத்துக்குப் போய்விட்டு வருவார்கள். எனக்கு அது வேடிக்கையாக இருக்கும். கிழடுகள் தூங்குகின்றன என்று நினைத்து நான் கதவைச் சாத்தப் போனால் இரண்டு பேரும் ஒரே குரலில், "திறந்தே இருக்கட்டும்," என்பார்கள். பனி கொட்டினாலும் எங்கள் வீட்டில் கதவு திறந்தே இருக்கும். அம்மா கம்பளிக்குள் இருந்தபடி மூன்று பேரையும் வைவாள். மூன்றாவது ஆள் டென்பி.

அம்மா விதவையாகிப் பல வருடம் ஆகியிருந்தது. டென்பி எங்கள் வீட்டுக்கு வருவது யாரைப் பார்க்க என்று துறைப் பெண்களுக்கு எங்களுக்கு முன்பே தெரிந்துவிட்டது. "ட்ரைஃபீனா, கோட்ட நல்லா அலசிப் பாரு, நீலம் உன் துணியிலயும் ஒட்டிரப் போகுது." அம்மா துணியை இன்னும் ஓங்கி அடித்துத் துவைத்தாள். மாமாவிடம் டென்பி வந்து தயங்கித் தயங்கிக் கேட்டபோது, மாமா வலையிலிருந்து தலையைத் தூக்காமல், "எங்கக்கா கைல ஒரு கழி கிடைச்சா உன் இன்னொரு காலும் போகும். யோசிச்சுக்க," என்றார். மாதாகோவிலில் கல்யாணம் நடந்தது. சில வருடங்களில் டென்பி வேலையை விட்டார். பண்ணைத் துரையின் வேலியைப் பிடுங்கியவர்களைப் பிடிக்கச் சொன்னபோது கால் வலி என்று சொல்லி வீட்டில் படுத்துக்கொண்டார், அதுதான் காரணம் என்று ஊரில் பேச்சு. அவர் மழை என்றுதான் சொன்னார்.

ஒருமுறை ஜெயில்களை ஆராய்ந்து எழுதும் ஒரு கனவான் எங்கள் பாதிரியாருடன் வந்தார். அந்தத் தனிமை உங்களைத் திருத்தியதா என்று மாமாவிடம் மரியாதையாகக் கேட்டார். மாமா அவருக்கு உட்கார மணை போட்டார்.

"தெரியலங்க. தனியா இருந்திருந்தா ஒருவேளை திருந்தியிருப்பேன். எங்கங்க தனியா விட்டாங்க? இவர் இருந்தாரே," என்று மோசஸைக் காட்டினார்.

மாமா ஒரு மார்ச் மாதம், நாணல் அறுப்பின் கடைசி நாட்களில், சதுப்புக் காய்ச்சலில் போனார். கடைசி இரண்டு நாள் அவர் கண்ணைத் திறக்கவில்லை. எங்கேயோ போய்க்கொண்டிருந்தார், முகம் தெளிவாக இருந்தது. மோசஸ் பக்கத்தில் உட்கார்ந்து, "இப்ப எங்க வந்திருக்கோம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். முதல் நாள் பதில் வந்தது.

மோசஸ் இப்போதும் எங்களோடுதான் இருக்கிறார். டென்பி அப்பாவும் அவரும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து ஓயாமல் சண்டை போடுகிறார்கள், பெரும்பாலும் வெண்ணெயைப்பற்றி. இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் மோசஸ் விலாங்கு தின்னமாட்டார். அம்மா அதைக் குழம்பு வைக்கிற நாளில் ஒரு துண்டு ரொட்டியைப் பையில் போட்டுக்கொண்டு கரைப்பக்கம் நடக்கப் போய்விடுவார்.